பூபதி படத்தின் கடைசி இரண்டு ரீல்

படத்தை வெட்டுவது எங்கள் தொழிலில் ஒன்றும் புதிதில்லை. மாரண்டஹள்ளியில் மாலை ஆட்டம் விட்டதும் பாலக்கோட்டுக்குக் கடைசி பஸ் ஒன்று உண்டு. அதைத் தவறவிட்ட ஜனங்கள் அப்புறம் எங்கள் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அதனால் நீளமான படம் வந்தால் ஒரு பாட்டை எடுத்துவிடச் சொல்வேன். கதாநாயகி ஒரு கனவைக் குறைத்துக் கண்டால் யாருக்கும் குடிமுழுகிப் போவதில்லை. பெட்டி சேலத்துக்குத் திரும்பும்போது வெட்டியதை மறுபடி ஒட்டி அனுப்பிவிட்டால் கேட்பாரில்லை. பதினோரு வருஷத்தில் நான் வெட்டாத படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெட்டிய படங்களில் ஒன்றே ஒன்றுதான் இன்றுவரை மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் பெயர் நசீருதீன். தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினேன். ஆபரேட்டர் மாது ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருந்தான். மெஷினைத் தவிர வேறெதிலும் தலையிடாத ஆள். தரை, பெஞ்சு, சேர் எல்லாம் சேர்த்து ஐந்நூறு பேர் உட்காரலாம். திருவிழா சமயத்தில் எழுநூறு பேரை உட்கார வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

எண்பத்து நாலில் 'லட்சத்தின் மேல் லட்சம்' என்று ஒரு படம் வந்தது. பூபதி என்று ஒருவன். மெட்ராசுக்கு வெறும் கையோடு போய், பைனான்ஸ் கம்பெனி ஆரம்பித்து, கூட்டாளிகளை ஒவ்வொருவராகக் கவிழ்த்து, மில், பங்களா, கப்பல் என்று வாங்கிக் குவித்து, கடைசியில் போலீசில் மாட்டுவான். வண்டியில் ஏறும்போது கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு விசில் அடித்தே எங்கள் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. படம் எடுத்தவர்கள் அவனை வில்லன் என்று நினைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். மாரண்டஹள்ளியில் அப்படி ஒருத்தர் கூட நினைக்கவில்லை. ஐந்து நாள் ஓடினாலே பெரிது என்கிற ஊரில் அது இருபத்து மூன்று நாள் ஓடியது. சலூனில் பூபதி கிராப் வெட்டிக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

அந்தப் படம் ஓடிய மறுவருஷம் கிருஷ்ணப்பன் பைனான்ஸ் ஆரம்பித்தான். அதற்கு முன் தக்காளி மண்டியில் கமிஷன் பார்த்துக்கொண்டிருந்தவன். ஓசூர் ரோட்டில் உரக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ், சுழலும் நாற்காலி, முழுக்கை வெள்ளைச் சட்டை, இரண்டு பையிலும் பேனா. எல்லாம் பூபதியைப் பார்த்துச் செய்துகொண்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டரை வருஷமாகச் சொன்ன தேதியில் சொன்ன காசைக் கொடுத்து வந்தான். தக்காளி விற்ற காசை ஜனங்கள் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் நேராக மாடிக்கு ஏறினார்கள்.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மசூதித் தெருவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் பெங்களூரில் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி, வீட்டை எங்களுக்கே தருகிறேன் என்றார். இருபத்து நாலாயிரம் விலை, பணம் கட்ட ஒரு வருஷம் கெடு. என் மனைவி வஹிதாவிடம் பதினெட்டாயிரம் இருந்தது. கம்பைநல்லூரில் அவள் அப்பாவின் இரும்புச் சாமான் கடையை விற்றபோது வந்த அவளுடைய பங்கு. பாங்கில் போட்டால் வட்டி சேரும், வட்டிக் காசைத் தொடக்கூடாது என்று டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். அதில் ஒரு ரூபாயைக் கூடக் கொட்டகைக்குக் கேட்கக்கூடாது என்பது அவள் சட்டம். கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாக்கி ஆறாயிரத்துக்கு நான் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். வாடகை வீட்டில் பதினெட்டு வருஷம் கழித்தவளுக்குச் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும். அவள் கேட்டது அந்த ஒன்றுதான்.

எண்பத்தெட்டு பொங்கல் கழிந்த வாரம் 'லட்சத்தின் மேல் லட்சம்' இரண்டாம் பாகம் எங்கள் ஊருக்கு வந்தது. அப்போதெல்லாம் ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் என்பதே அபூர்வம். பாலக்கோட்டில் ஐந்தே நாளில் தூக்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. நான் நம்பவில்லை. பாலக்கோட்டுக்காரனுக்கு என்ன ரசனை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை விற்று, சேலத்துக்குப் போய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத மினிமம் கேரண்டி நாலாயிரம் கட்டிப் பெட்டியை எடுத்துவந்தேன். ஆறாயிரத்துக்கு வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் மாலை ஆட்டத்துக்குக் கூட்டம் ரோடு வரை நின்றது. பூபதி ஜெயிலிலிருந்து வருகிறான். வேறு பெயரில் வேறு கம்பெனி. பழையபடி ஏறிக்கொண்டே போகிறான். நடுவில் ஒரு காட்சி, பக்கிரி போல ஒரு பெரியவர் 'வட்டி வாங்குவது பாவமாயிற்றே' என்று தயங்குவார். பூபதி அவர் தோளில் கைபோட்டு, 'நான் கொடுப்பது வட்டியில்லை ஐயா, என் லாபத்தில் உங்கள் பங்கு' என்பான். கைதட்டல். பதினாலாவது ரீல் முடியும்போது ஏழு மாடிக் கட்டடத்தின் பால்கனியில் நிற்கிறான், கீழே ஊரே மாலையோடு நிற்கிறது, அந்தப் பழைய சிரிப்பைச் சிரிக்கிறான். எனக்கு அங்கேயே ஆறாயிரமும் கைக்கு வந்துவிட்டது.

பதினைந்தாவது ரீலில்தான் கெட்டது. பூபதிக்கு மனம் மாறிவிடுகிறது. பணம் போட்டவர்களையெல்லாம் மைதானத்துக்கு வரவழைத்து மைக்கைப் பிடிக்கிறான். 'மாதாமாதம் லாபம் என்று கொடுத்தேனே, அது எங்கிருந்து வந்தது? நான் எந்த மில்லும் ஓட்டவில்லை, ஒரு மூட்டை சரக்கும் விற்கவில்லை. பின்னால் வந்தவன் போட்ட முதலை எடுத்து முன்னால் வந்தவனுக்கு லாபம் என்று கொடுத்தேன். புது ஆள் வராத அன்றைக்குக் கடையைச் சாத்துவேன்' என்று கணக்குப் பாடம் மாதிரி பத்து நிமிஷம் விளக்குகிறான். பதினாறாவது ரீலில் பங்களா சாவியைக் கொடுத்துவிட்டுத் தானே நடந்து ஜெயிலுக்குப் போகிறான்.

ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. தரை டிக்கெட்டிலிருந்து மண்ணை வாரித் திரையில் வீசினார்கள். இரண்டு பெஞ்சு உடைந்தது. "பூபதியக் கெடுத்துட்டானுங்க" என்று திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். மறுநாள் மதியம் முப்பத்தெட்டு டிக்கெட்தான் கிழிந்தது.

முதல் நாள் சேர் டிக்கெட்டில் கிருஷ்ணப்பனும் உட்கார்ந்திருந்தான். அவன் சத்தம் போடவில்லை. கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான்.

"கடைசி ரெண்டு ரீலு வேண்டாத வேலைங்க பாய். அதுவரைக்கும் படம் நல்லாத்தான் போவுது."

"நானா எடுத்தேன்?"

"எடுத்தது நீங்க இல்ல. ஓட்டுறது நீங்கதானுங்களே."

ரசிகன் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சொன்னதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் காலையில் மாதுவைக் கூப்பிட்டுப் பதினைந்தையும் பதினாறையும் பெட்டியிலேயே வைக்கச் சொன்னேன். பதினாறின் வாலில் இருந்த 'வணக்கம்' எழுத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, பதினாலாவது ரீலில் பால்கனிச் சிரிப்புக்குப் பின்னால் ஒட்டச் சொன்னேன். மாது பிலிம் சிமெண்டைத் தடவி ஊதிக்கொண்டே கேட்டான்.

"அப்பறம் இந்த ஆளுங்க போட்ட பணமெல்லாம் என்னா ஆச்சுன்னு யாராச்சும் கேட்டா என்னாங்க சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை. சிரிப்பைப் பார்த்தார்கள், 'வணக்கம்' பார்த்தார்கள், விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நாலாம் நாள் முதல் ஹவுஸ்புல். பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பாலக்கோட்டில் பார்த்த ஒன்றிரண்டு பேர், "அங்க வேற மாதிரியில்ல முடிஞ்சுது" என்றார்கள். "அது பழைய காப்பி, இதுதான் திருத்தினது" என்று சொல்லிவிட்டேன். படக் கம்பெனி அனுப்பிய ரெப் டிக்கெட் எண்ணுவதோடு சரி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் கிருஷ்ணப்பன் மறுபடி வந்தான். இடைவேளையில் அவன் கம்பெனி ஸ்லைடு போட வேண்டும், வாசலில் ஒரு மேஜை போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் தருகிறேன் என்றான். ஐம்பது ரூபாய் என்றால் நூறு தரை டிக்கெட்டுக்குச் சமம். சரி என்றேன். பத்து மாதத் திட்டம், மூன்று ரூபாய் போட்டால் நாலு ரூபாய். எங்கள் ஜமாத்து ஆட்கள் வந்தால் வட்டி என்கிற வார்த்தையே அந்த மேஜையில் வராது. அவர்களுக்கென்று பச்சைக் கலரில் தனி ரசீது, 'லாபப் பங்கு' என்று அச்சடித்தது. படத்தில் பூபதி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன் என்று நான் சிரித்துக்கொண்டேன்.

நாலு வாரம் முடிந்தபோது செலவெல்லாம் போக ஆறாயிரத்துச் சில்லறை என் கையில் நின்றது. நான் வாழ்க்கையில் சொன்ன சொல்லைச் சொன்ன காலத்தில் காப்பாற்றியது அன்றுதான். காலையிலேயே குளித்து, துவைத்த கைலி கட்டிக்கொண்டு, பணத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து வஹிதாவின் முன்னால் நீட்டினேன்.

"எண்ணிப் பாரு. உன் பொட்டியத் தொற. வீட்டுக்கார மாமா பெங்களூர் போறதுக்கு முன்னாடி இந்த மாசமே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்."

அவள் பணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் உங்களுக்குச் சொல்லாம ஒண்ணு பண்ணியிருக்கறேன்" என்றாள். பீரோவிலிருந்து ஒரு பச்சைத் தாளை எடுத்து வந்தாள். "பத்து மாசத்துல பதினெட்டு இருபத்து நாலாயிடும். உங்களக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான். இப்ப இந்த ஆறும் சேந்தா முன்னால ஒரு ரூமும் எடுத்துக்கலாம்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"ஏன் கத்தறீங்க? வட்டின்னா நான் தொடுவேனா? லாபத்துல பங்குன்னு தாள்லயே போட்டிருக்குது பாருங்க. பூபதி சொல்றானில்ல, அதே மாதிரிதான்."

"அது சினிமா."

"நீங்க ஓட்டுன சினிமாதானே. ரெண்டு தடவ பாத்தேன். மோசம் போறதுன்னா கடைசியில ஊரே மாலை போடுமா?"

கொட்டகையில் படப் பெட்டிக்குள் கிடக்கும் இரண்டு ரீலைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? பத்து வருஷமாக என் கையிலிருந்து காப்பாற்றிய பணத்தை, நான் வெட்டிக் காட்டிய படத்தை நம்பி அவள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பயம் வந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன் வந்ததில்லை.

நேராக உரக்கடை மாடிக்குப் போனேன். கிருஷ்ணப்பன் நாற்காலியைச் சுழற்றாமல் நேராக உட்கார்ந்து கேட்டான்.

"பத்து மாசத்துக்கு எழுதியிருக்குதுங்களே பாய். இன்னும் ஒரு மாசங்கூட ஆவல."

"லாபமெல்லாம் வேணாம். மொதலக் குடுத்துடு."

"குடுக்கலாங்க. இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேரு வருவாங்க. நாளான்னைக்கு நாப்பது பேரு."

"உன் வியாபாரந்தான் நல்லா ஓடுதே. குடுக்கறதுக்கென்ன?"

அவன் சிரித்தான். பூபதி சிரிப்பு இல்லை, மண்டிக்காரன் சிரிப்பு.

"பாய், நீங்களும் நானும் அன்னைக்கு மொத ஆட்டம் முழுசாப் பாத்தவங்க. உங்களுக்கு நான் எதுக்கு வெளக்கிச் சொல்லணும்?"

நான் எழுந்து நின்றேன். ஊரைக் கூட்டுவேன், அந்த இரண்டு ரீலையும் இன்றைக்கே ஓட்டுவேன் என்று கத்தினேன். அவன் கையமர்த்தினான்.

"ஓட்டுங்க. காலையில ஊரே இந்தப் படியில நிக்கும். என் இரும்புப் பொட்டியில இன்னைக்கு நாலாயிரம் இருக்குது. அதுல உங்க வூட்டுப் பதினெட்ட எங்கேருந்து எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

இரும்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, "இன்னொரு வாரம் படம் ஓடட்டுங்க. மேஜையும் இருக்கட்டும். புதுசா வர்றதுல மொதல்ல உங்களுது. ஒரு வாரம் வாயத் தொறக்காதீங்க, அவ்வளவுதான்" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதற்கு மேல் இதை நல்லபடியாகச் சொல்ல வழியில்லை. ஐந்தாவது வாரம் படம் ஓடியது. ரெப் போய்விட்டிருந்தார். "கடைசி வாரமாச்சும் முழுசா ஓட்டிரலாமுங்களா பாய்?" என்று மாது கேட்டான். உன் வேலையைப் பார் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மெஷினைத் துடைக்கப் போய்விட்டான். ஒவ்வொரு இடைவேளையிலும் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடுவதை டிக்கெட் ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எட்டுப் பேர், இன்றைக்குப் பதினொரு பேர் என்று எண்ணினேன். எண்ண எண்ண எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் கேவலம்.

கொட்டகையில் வேகவைத்த கடலை விற்பவள் குள்ளம்மாள். கணவன் தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து செத்துப் போனான். அதற்கப்புறம் கூடையைத் தூக்கியவள். கொட்டகைக்குப் பின்னால் ஓலைக் குடிசை. ஓடு போட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தினமும் சேரும் சில்லறையை என்னிடம்தான் நோட்டாக மாற்றுவாள். நூறு ரூபாய் சேர்ந்ததும், மீந்துபோன பெஞ்சு டிக்கெட்டின் ரோஸ் தாளில் நான்தான் சுற்றிக் கொடுப்பேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டுகள்.

அந்த வாரச் சந்தையன்று மதிய ஆட்டத்துக்கு முன்னால் அவள் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாள்.

"பாய், ஒண்ணு கேக்கணும்ங்க. இந்தக் கிருஷ்ணப்பன் கம்பெனியில போடலாமுங்களா?"

"எவ்வளவு வெச்சிருக்கற?"

"ரெண்டாயிரத்து எரநூறுங்க. ஓட்டு வெல ஏறிப்போச்சு, இது பத்தாதுங்கறாங்க. பத்து மாசம் போட்டா சரியாயிருமுங்க. நீங்க நாலும் தெரிஞ்சவங்க. வேணாம்னா வேணாம்னுட்டுப் போயிடறேன்."

வேண்டாம் என்பது ஒரே வார்த்தை. அவள் அதைக் கேட்டுக்கொண்டு போயிருப்பாள். போகிற வழியில் இன்னும் நாலு பேரிடம் பாய் வேண்டாமென்றார் என்று சொல்லியிருப்பாள். அது எனக்குத் தெரிந்தது. டிக்கெட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னேன்.

"எங்க வூட்டுலயே பதினெட்டாயிரம் போட்டிருக்காங்க."

அவள் முகம் தெளிந்தது. "அப்பன்னா சரிங்க பாய்" என்று போனாள். நான் பொய் சொல்லவில்லை. ஒரு வாரம் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கிருஷ்ணப்பன் ஆளனுப்பிக் கூப்பிட்டான். துணிப்பையில் பணத்தைக் கட்டி வைத்திருந்தான். பச்சை ரசீதை வாங்கிக் கிழித்துப் போட்டான். மேலே நூறு ரூபாய்க் கட்டுகள். அடியில் ரோஸ் தாள் சுற்றிய கட்டுகள். எண்ணினேன். இருபத்திரண்டு இருந்தது. ஒவ்வொன்றையும் மடித்தது என் கை, என் மடிப்பு எனக்குத் தெரியாதா.

"இது வேண்டாம், மாத்திக் குடு" என்றேன்.

"காசுல என்னாங்க பாய் என்னுது உன்னுது? வேணும்னா எடுத்துக்குங்க, இல்லேன்னா வெச்சுட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டேன். படி இறங்கியதும் கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன். ஆனால் எடுத்துக்கொண்டேன்.

வஹிதா பையைப் பிரித்தாள். லாபம் ஏன் வரவில்லை என்று கேட்டாள், உடனே ரிஜிஸ்டர் பண்ண வேண்டுமென்று முதலை வாங்கிவிட்டேன் என்றேன். ரோஸ் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம கொட்டகைத் தாளாச்சே."

"மேஜை நம்ம வாசல்லதானே இருக்குது. சில்லற மாத்தியிருப்பான்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பங்குனியில் வீட்டை ரிஜிஸ்டர் செய்தோம். வஹிதா பேரில். கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தாள். படத்தைத் தூக்கும்போது மாது இரண்டு ரீலையும் சேர்த்து, வணக்கத்தை அதன் இடத்தில் ஒட்டி, பெட்டியை சேலத்துக்கு அனுப்பினான். படக் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் உரக்கடை மாடி திறக்கவில்லை. பத்து மணிக்கு ஐம்பது பேர், மதியத்துக்குள் ஐந்நூறு பேர். கிருஷ்ணப்பன் ஓசூர் பஸ் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், தர்மபுரி பஸ் என்று இன்னொருவர். போலீஸ் வந்து பூட்டை உடைத்தது. சுழலும் நாற்காலியை மண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போய்விட்டு உடனே திரும்பிவிட்டேன். கூட்டத்தில் பாதிப் பேர் என் டிக்கெட் ஜன்னலில் முகம் பார்த்த ஆட்கள்.

நாலு நாள் கழித்து குள்ளம்மாள் வீட்டுக்கு வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். கடலைக் கூடையை இறக்கிப் படியில் வைத்தாள். அழுது முடித்த முகம்.

"பாய், உங்களுதும் போச்சுங்களா?"

நாலு நாளாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தும் வைத்திருந்தேன். யோசித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"போச்சு குள்ளம்மா."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பதினெட்டும்ங்களா? ஐயோ சாமி. வூட்டம்மா எப்படித் தாங்குனாங்க? உங்களுதப் பாத்தா என்னுது ஒண்ணுமேயில்லீங்க. ரெண்டாயிரத்து எரநூறுதானுங்களே. நான் கடல வித்துச் சம்பாதிச்சுக்குவேன். நீங்க மனச விட்றாதீங்க பாய். ஒடம்பப் பாத்துக்குங்க."

படியில் நின்றபடி அவள் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் திரைச்சீலை விலகும் சத்தம் கேட்டது. வஹிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"எங்களுது போவல குள்ளம்மா" என்றாள். "வந்துடுச்சு."

குள்ளம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு வஹிதாவைப் பார்த்தாள்.

"வந்துருச்சுங்களா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுங்கம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஏதோ யோசனை மட்டும் இருந்தது. "எப்பங்க வந்துச்சு?"

வஹிதா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"படம் தூக்குன வாரம். சந்தைக்கு மறுநா காலையில."

குள்ளம்மாள் கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

"நான் கட்டுனது சந்தையன்னைக்குங்கம்மா" என்றாள். "பாயக் கேட்டுப்புட்டுத்தான் கட்டுனேன்."

என்னைப் பார்க்காமல், வஹிதாவிடம்தான் சொன்னாள்.